சுடுகஞ்சியும் வேர்முடிச்சும்

எங்கள் மாடியில் ரோஜாத் தொட்டிக்குள் ஒரு வேர்க்கடலைச் செடி முளைத்திருந்தது. நான் வைக்கவில்லை. அணில்தான் கடலையைத் திருடி, மண்ணில் புதைத்துவிட்டு, இடத்தை மறந்திருக்கிறது. எனக்கும் மறதி உண்டு, ஆனால் அதனால் இதுவரை எதுவும் முளைத்ததில்லை. ரோஜாவுக்கு இடைஞ்சல் என்று நேற்று அதைப் பிடுங்கினேன். வேர் முழுக்கக் கடுகு ஒட்டினாற்போல் முடிச்சுகள், கூடவே ஈரமண் வாசனை. அந்த வாசனைக்கு இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வெட்கத்தில் கன்னம் சுடுகிறது.

அப்போது உத்திரமேரூரில் வேளாண்மை ஆபீஸில் தற்காலிக வேலை. சேர்ந்து ஐந்து மாதம். பேச்சு மட்டும் ஐம்பது வருஷ அனுபவம். ரைசோபியம் என்ற நுண்ணுயிர்ப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். பார்க்க அடுப்புக்கரித் தூள் மாதிரி இருக்கும். விதையில் பூசி விதைத்தால், அந்த உயிர் வேரில் முடிச்சு கட்டிக் குடியேறும். செடி அதற்குச் சாப்பாடு போடும். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும். அவரைப் பந்தலில் எறும்பு, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்குக் காவல் நின்று, அது விடும் இனிப்பு நீரைக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கூட்டுதான், ஆனால் அதில் அவரை போட்டவருக்கு நஷ்டம். இதில் எல்லோருக்கும் லாபம்.

சாலவாக்கம் பக்கம் தேசம்மா அக்காவுக்கு முக்கால் ஏக்கர் இருந்தது. நெல்லைத் தவிர வேறு பார்க்காத நிலம். முதல்முறையாகக் கடலை போடத் துணிந்து, அண்ணன் வீட்டிலிருந்து விதைக்கடலை கொண்டுவந்து, பிள்ளைகள் கைபடாமல் பரண்மேல் வைத்திருந்தாள். அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன்.

"யூரியாவே வேணாங்கா, இது போதும்."

"நெசமாவா மேடம்? இந்த வெத போச்சுன்னா எனக்கு வேற நாதி கெடையாது."

"நான் கியாரண்டி" என்றேன்.

பொடி விதையில் ஒட்ட வடிகஞ்சி வேண்டும். அவள் அப்போதுதான் சோறு வடித்திருந்தாள். கஞ்சியில் ஆவி பறந்தது. "கொஞ்சம் ஆற வுடலாமா? கை வெக்க முடியல" என்றாள். எனக்கோ பன்னிரண்டு மணி டவுன் பஸ். விட்டால் அடுத்தது மூன்று மணிக்கு. "சூடா இருந்தாதாங்கா நல்லா ஒட்டும்" என்றேன். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள். பொட்டலத்தை அதில் கொட்டிக் கரண்டியால் கிண்டினேன். கிண்டி முடித்து விதையில் விடுவதற்குள் சூடு தணிந்ததால் விதை பிழைத்தது. ஆனால் உயிர், உயிர் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு அந்த உயிரைச் சுடுகஞ்சியில் போட்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் போனால் செடியெல்லாம் வெளிறி மஞ்சளாகக் கிடந்தது. தேசம்மா ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். வேரில் இரண்டே முடிச்சு. கிள்ளினேன், உள்ளே வெள்ளை. வேலை செய்யும் முடிச்சு உள்ளே சிவந்திருக்க வேண்டும்.

"நீ சொன்னேன்னு யூரியா போடாம வுட்டேனேம்மா."

மண் சரியில்லை, மழை சரியில்லை என்று நழுவியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "என் தப்புதாங்கா. சுடுகஞ்சில போட்டு நானே கொன்னுட்டேன்" என்றேன்.

"அன்னிக்கே ஆற வுடலாம்னேனே! பஸ்ஸாம் பஸ்ஸு! இப்ப யாருக்குப் பேஜாரு?" என்று திட்டித் தீர்த்தாள். அன்றே யூரியா போட்டுப் பாதியைக் காப்பாற்றினோம். அந்த அறுவடையில் ஒரு கடலையைக்கூட வாயில் போடாமல் அத்தனையையும் விதைக்கு எடுத்து வைத்தாள்.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு நான் விடவில்லை. புதுப் பொட்டலத்தோடு போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். "இன்னா, மிச்சத்தையும் கொல்ல வந்தியா?" என்றாள். மூன்று தடவை துரத்தினாள். நான்காம் தடவை விதையை முறத்தில் எடுத்து வைத்துவிட்டு, "பஸ்ஸு போனா போவட்டும், குந்து" என்றாள். கஞ்சி சில்லென்று ஆகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மாதத்தில் வேரெல்லாம் முடிச்சு. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தவள், "ரத்தமாட்டம் கீதும்மா!" என்று கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சில வருஷத்தில் அந்த நிலத்துக்குப் பொட்டலமே தேவைப்படவில்லை. மண்ணிலேயே அந்த உயிர் குடும்பம் நடத்தியது.

ஐந்து வருஷம் முன்பு தேசம்மா முட்டிவலி வந்து, நிலத்தைக் கார்ப்பெட் புல் வளர்ப்பவருக்குக் குத்தகைக்கு விட்டாள். அந்தப் புல்லை அறுப்பதில்லை. மேல்மண்ணோடு சீவி, பாய்போலச் சுருட்டி லாரியில் ஏற்றி, எங்கோ பங்களா வாசலில் விரிப்பார்கள். குத்தகை இந்த மாதம் முடிந்தது. இன்று காலை ஒரு பை தக்கைப்பூண்டு விதையோடு பஸ் ஏறினேன். அதன் வேரிலும் முடிச்சு கட்டும். வளர்த்து அப்படியே மடக்கி உழுதால் மண்ணுக்குத் தெம்பு.

தேசம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். "நாம்ப வளத்தது அத்தினியும் சுருட்டிக்கினு பூட்டான்மா. திரும்பி வர எத்தினி வருசமாவும்?"

"தெரியலக்கா. வர்ற வரைக்கும் வெதைப்போம்."

அவள் பையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். முன்பெல்லாம் வரப்பிலிருந்து வயலுக்குள் ஒரு எட்டு வைத்தால் போதும். இப்போது வயல் தாழ்ந்துபோயிருந்தது; நான் முதலில் குதித்து, கைகொடுத்து அவளை இறக்க வேண்டியிருந்தது.