ஆள் உயரத் திட்டு

எங்கள் ஊருக்குப் பெண்ணைக் கொடுப்பதற்குப் பாழுங்கிணற்றில் தள்ளிவிடலாம் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். சொன்னவர்களுக்கு எங்கள் ஊர் நிலவரம் முழுதாகத் தெரியாது. உத்தரகோசமங்கையிலிருந்து கடலாடி போகும் பாதையில் உள்ளே தள்ளி இருக்கும் ஊர் அது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குடிக்க இருந்தது ஒரே ஒரு ஊருணி. அதுவும் மண் மேவிப்போய், தை முடியும் முன்பே வறண்டுவிடும். அதற்குப் பிறகு பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளியிருக்கும் அடுத்த ஊருக்கு நடப்பார்கள்.

அந்த ஊருணியை இளைஞர்கள் சேர்ந்து தூர்வாரிய கதையைச் சொல்லச் சொல்லி இப்போதெல்லாம் என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். சுற்றுச்சூழல் என்று அச்சடித்த பனியன் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் வந்து அழைத்துப் போய், முன்னோடி என்று அறிமுகம் செய்து, துண்டு போர்த்துகிறார்கள். நானும் சான்றிதழில் எழுதியிருக்கிற கதையைச் சொல்லிவிட்டுத் துண்டோடு திரும்பி வருகிறேன். சான்றிதழில் எழுதாதது இது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப்போடுவதையே வேலையாக வைத்திருந்தேன். வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். முதலில் வந்த பெண்வீட்டார் காப்பி குடித்தார்கள், நிலம் எவ்வளவு என்று கேட்டார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கிளம்பும்போது பெண்ணின் அம்மா, தண்ணிக்கு எங்கே போகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அடுத்த ஊருக்கு என்று சொல்லிவிட்டார். அதோடு சரி, பதிலே வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது இடமும் அப்படியே தட்டிப்போயின. மூன்றாவது பெண்ணின் தகப்பனார் மட்டும், ஊருணியை வெட்டிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்று கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஊர் இளைஞர் நற்பணி மன்றம் அப்படித்தான் பிறந்தது. உறுப்பினர் பதினேழு பேர், பதினேழு பேரும் கல்யாணம் ஆகாதவர்கள். நீர்வளம் காப்போம் என்று பலகை எழுதி மாட்டினோம். உள்ளபடி எழுதுவதென்றால் பெண் கொடுங்கள் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். நான் படித்தவன் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள்.

சித்திரையில் ஊருணி காய்ந்து வெடித்ததும் மண்வெட்டியோடு இறங்கினோம். ஒன்றை மறைக்கக் கூடாது, பையன்கள் நன்றாகவே உழைத்தார்கள். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை வெட்டுவோம். ஊர்ப் பெண்கள் மண்ணைக் கூடையில் அள்ளிக் கரையில் கொட்டுவார்கள். ஊரே ஒன்றாக நின்று ஒரு வேலையைச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது கர்வமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மண் வெட்டும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று பிற்பாடு அளந்து பார்ப்பதற்காக, நடுவில் ஒரு துண்டு மண்ணை வெட்டாமல் திட்டாக விட்டுவைப்பார்கள். சுற்றிலும் தரை இறங்க இறங்கத் திட்டு தூண்போல நிற்கும். அளக்க வரும் அதிகாரி அதன் பக்கத்தில் நாடாவைப் பிடிப்பார். பக்கத்து ஊர் மன்றமும் அதே கோடையில் தங்கள் ஊருணியை வெட்டியது. அவர்கள் திட்டு இடுப்பளவு என்று செய்தி வந்தது. எங்களுடையது அதைவிட நாலு விரல்கடை குறைவு.

மன்றத் தலைவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "ஏலே, நம்ம திட்டு ஆள் உயரம் நிக்கணும்டா" என்றான். எல்லோரும் ஆமாம் என்றோம். ஏன் ஆள் உயரம் என்று ஒருவனும் கேட்கவில்லை, செயலாளர் உட்பட.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பற்றி அங்கே பிறந்த யாருக்கும் ஒன்று தெரியும். மேலே நிற்பது மழைத் தண்ணீர், அது இனிக்கும். கீழே ஊறிக் கிடப்பது உப்பு. இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் படுகை இருக்கிறது. ஊருணியின் உயிர் அந்தக் களியில்தான் இருக்கிறது. அதைக் கிழித்தால் உப்பு மேலே வந்துவிடும். சாம்பல் களி தலைகாட்டியதுமே மண் சுமந்த பெண்கள், போதும் நிறுத்துங்கள் என்றார்கள். நாங்களும் நிறுத்தினோம். திட்டு நெஞ்சளவு நின்றது.

அதிகாரி வந்து அளந்து சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆள் உயரத்துக்கு இன்னும் ஒரு முழம் குறைந்தது. ஊருணி முழுவதையும் ஒரு முழம் இறக்க நேரமில்லை, களியும் விடாது. அப்போதுதான் என் பி.எஸ்ஸி. மூளை வேலை செய்தது. முழுவதையும் எதற்கு இறக்க வேண்டும்? திட்டின் அடியில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தோண்டினால் போதுமே. அதிகாரி நாடாவை அங்கேதானே பிடிக்கப்போகிறார்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் நான் மட்டும் போய்த் தோண்டினேன். ஒரு குடையை விரித்துக் கவிழ்த்தால் மூடிவிடும் அளவு இடம்தான். களி கெட்டியாக இருந்ததால் கடப்பாரையைப் போட்டேன். இரண்டு குத்து நின்றது. மூன்றாவது குத்தில் தடையில்லாமல் உள்ளே போனது. கடப்பாரையை உருவியதும் குழியில் ஈரம் கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். பூதம் புறப்பட்டால் நாலு பேருக்காவது தெரியும். இது எனக்கு மட்டும் தெரிந்த பூதம். சுற்றுமுற்றும் பார்த்தேன், யாருமில்லை. துளையில் களியை அடைத்து மிதித்து, மேலே காய்ந்த மண்ணைத் தூவினேன். களி தானாகக் கூடிக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று எங்கோ யாரோ மிரட்டி, நிஜமாகவே எங்கள் பக்கம் மாற்றப்பட்டு வந்த மனிதர். திட்டை அளந்தார். ஆள் உயரம். மாவட்டத்துக்கே எடுத்துக்காட்டு என்று பேசினார். தண்ணீரின் அருமையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, நாங்கள் ராமநாதபுரத்திலிருந்து வாங்கி வந்த கலரைக் குடித்தார். சான்றிதழில் என் பெயரும் இருந்தது. பக்கத்து ஊர் மன்றத்துக்காரர்கள் வந்து கைகொடுத்துவிட்டு வயிற்றெரிச்சலோடு போனார்கள். அடுத்த வாரம் திட்டை இடித்துப் பரப்பி, தரையைச் சமமாக்கிவிட்டோம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கார்த்திகையில் ஊருணி படிக்கட்டு வரை நிறைந்து நின்றது. குடித்துப் பார்த்தால் இளநீர் மாதிரி இருந்தது. களி கூடிவிட்டது என்று நம்பினேன். அந்த மாதமே நயினார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் வந்தார். வீட்டுக்குள்கூட வராமல் நேராக ஊருணிக்குப் போய், ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். தையில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மன்றத்தின் முதல் சாதனை என்று நண்பர்கள் மேளத்தை மிஞ்சிக் கைதட்டினார்கள்.

புதிதாக வந்த பெண் ஊருணியில் முதல் குடம் எடுப்பது எங்கள் ஊரில் ஒரு சடங்கு. கரையில் சூடம் கொளுத்தி, நாலு சுமங்கலிகள் கூட வர, படியில் இறங்கி மொண்டு வர வேண்டும். குடிதண்ணீரில் கால் படக்கூடாது. அதில் ஊர் கண்ணும் கருத்துமாக இருக்கும். என் மனைவி இறங்கி, மொண்டு, நிறைகுடத்தோடு ஏறி வந்தாள். புது வெட்டு ஊருணியில் முதல் முதல் மொண்ட புதுப்பெண் என்று அன்று அவளுக்கு ஏகப்பட்ட மரியாதை.

மாசிக் கடைசியில் தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் ருசி மாறியது. பங்குனியில் வாயில் வைக்க முடியவில்லை. மழைத் தண்ணீர் நிறைய நின்றவரை அதன் பாரம் உப்பைக் கீழே அமுக்கி வைத்திருந்தது. மேலே குறைந்ததும் கீழே இருந்தது ஏறிவிட்டது. இந்த விளக்கத்தை ஊரில் சொல்லக் கூடியவன் நான் ஒருத்தன்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

விளக்கம் இல்லாத இடத்தில் ஊர் தானாக ஒன்றைச் செய்துகொள்ளும். தையில் முதல் குடம் எடுத்தாள், பங்குனியில் உப்பாகிவிட்டது. வந்தவள் கால் ராசி. முதலில் படித்துறையில் முணுமுணுத்தார்கள், பிறகு எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மாவே சொன்னார். வரும் மழைக்கும் தண்ணீர் இனிக்கவில்லையென்றால் மருமகளைக் கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் விட்டுவைப்பது என்று அம்மாவும் அய்யாவும் பேசி முடித்தார்கள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் மறுபடி இரண்டு மைல் நடக்கும் பெண்களோடு சேர்ந்து, எல்லோருக்கும் பின்னால் தள்ளி நடந்தாள். நான் அவளிடம், மூடநம்பிக்கைகளைக் காதில் வாங்காதே என்று சொன்னேன். படித்தவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு இருந்தது. எழுதும்போதே கூசுகிறது.

மன்றம் அவசரக் கூட்டம் போட்டு, மேலதிகாரிகளுக்கு மனு அனுப்புவதென்று தீர்மானித்தது. சித்திரையில் ஊருணி வற்றியதும் என் மனைவி எந்தத் தீர்மானமும் போடாமல் இறங்கிவிட்டாள். அவளுடைய ஊரில் ஒரு முறை ஊருணி கெட்டபோது கண்மாய்க் களிமண்ணைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து மிதித்து இறுக்கினார்களாம். சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். எல்லோரும் இருபதைச் சுற்றிய வயது, பாதிப்பேர் அவளைப்போல் வாழ வந்தவர்கள். விடியலில் அடுத்த ஊருக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள். பிறகு களி சுமப்பார்கள். பிறகு வரிசையாகக் கைகோத்து நின்று மிதிப்பார்கள். நாங்கள் கரையில் உட்கார்ந்து, பெண்கள் சக்தியைப் பாராட்டினோம்.

ஒரு மாதம் மிதித்தும் கால்வாசித் தரைதான் முடிந்தது. கண்மாயில் நல்ல களி தீர்ந்துகொண்டு வந்தது. பெண்களும் ஒவ்வொருவராக விலகினார்கள், கடைசியில் நாலு பேர்தான். அவள் பாதம் வெடித்து, வீட்டில் குதிகால் ஊன்றாமல் நடந்தாள். ஐப்பசிக்குள் மிச்ச முக்கால்வாசித் தரை முடியாது என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். அடைக்க வேண்டியது ஒரு குடை அளவு இடம் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் மிதித்துக்கொண்டிருந்ததோ அதிலிருந்து தள்ளி, ஒரு மூலையில்.

ஒரு நாள் காலையில் அம்மா அவளுடைய டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைத்துவைத்தார். மழைக்கு இன்னும் நாள் இருந்தது. அம்மாவுக்கு எதையும் முன்கூட்டிச் செய்வதுதான் பழக்கம். அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஊருணிக்குப் போனேன். கரையில் மன்றத் தலைவனும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி இறங்கி, திட்டு நின்ற இடத்தைப் படிக்கட்டிலிருந்து எட்டுவைத்துக் கண்டுபிடித்து, மண்வெட்டியால் சுரண்டினேன். காய்ந்த தரையில் அந்த இடம் மட்டும் ஈரமாக, வெள்ளை பூத்துக் கிடந்தது.

"இங்கன போடுங்க. இங்கன மட்டும் போட்டாப் போதும்" என்று மூலையில் களி போட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னேன்.

உனக்கு எப்படித் தெரியும் என்று தலைவன் கரையிலிருந்து கேட்டான். கரைக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டை உயர்த்திக் காட்டத் தோண்டியது, கடப்பாரை, மூன்றாவது குத்து, மூடி மறைத்தது. அந்த நாலு பெண்களில் ஒருத்தி காறித் துப்பினாள். சரியாகவே துப்பினாள்.

என் மனைவி கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து அந்த ஈரத்தைப் பார்த்தாள். குனிந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இத்தனை நாளாக அவள் ஊர்ப் பேச்சை மதிக்காமல், வீம்புக்காக மிதிக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நண்பர்களிடம் அப்படிச் சொல்லிப் பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், தன்னுடைய வெடித்த பாதங்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"முதக் குடம் எடுக்கையில படி வழுக்கி என் பெருவிரலு தண்ணியில பட்டுருச்சு. யாருகிட்டயும் சொல்லல. நாந்தான் கெடுத்துட்டேன்னு இருந்தேன்."