அரைச் சேக்கல்

எங்கள் தெருவில் பழைய மீன்வாடி ஒன்றுக்கு வெள்ளையடித்து ஜெபமண்டபம் ஆக்கிய பாஸ்டருக்கு, கூரைத் தகடு மாற்ற வேண்டி வந்தபோது ஞாபகம் வந்த சொல் சேக்கல். எபிரேயரின் பழைய நிறை அது. அந்த நிறைக்கு வெள்ளி கொடுத்தால் அதுவே அவர்களுக்குக் காசும். ஆளுக்கு அரைச் சேக்கல் வெள்ளி காணிக்கை, பணக்காரன் கூடக் கொடுக்கக் கூடாது, ஏழை குறையக் கொடுக்கக் கூடாது, இதுதான் கட்டளை என்றார். ஆறு கிராம் என்று கணக்கும் சொன்னார். கொடுத்தவர்களின் குடும்பத்துக்காக உபவாச ஜெபம் நடக்குமாம். மேசையில் வெள்ளைத்துணி விரித்து, நகைக்கடைத் தராசு ஒன்றை வைத்து, அதற்கும் ஒரு ஜெபம் பண்ணினார். துறைமுகத்தில் லொறி நிறுக்கிறவன் நான். கள்ளத் தராசு எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஜெபம் பண்ணிய தராசை அன்றுதான் பார்த்தேன்.

அக்காவின் மகனுக்கு ஆறு வயது. அடுத்த கிழமை கொழும்பில் அவனுக்கு இருதய ஒப்பரேஷன். அந்த ஜெபத்தில் அவன் பெயர் வரவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

முதலில் வந்தவர் படகு வைத்திருக்கும் முதலாளி ஒருவர். தடித்த தங்கச் சங்கிலியைக் கழற்றி வைத்தார். பாஸ்டர் அதை நிறுக்கவேயில்லை, வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். பணக்காரனுக்கான கட்டளை அந்நேரம் எங்கே போய் ஒளித்ததோ தெரியாது. அடுத்தது அக்கா. சோடியில் மிஞ்சிக் கிடந்த ஒற்றைக் கொலுசை வைத்தாள். தராசு ஐந்து காட்டியது. பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"குறையுது, சகோதரி. கட்டளையை நான் மாத்தேலாது."

அக்கா வீட்டுக்கு ஓடினாள். மகனின் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றிக்கொண்டு வந்து கொலுசோடு சேர்த்து வைத்தாள். தராசு இருபதைத் தாண்டியது. இந்தமுறை அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. இரண்டையும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். மிச்சம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

பின்னேரம் நான் செருப்பை மாட்டினேன். அரைஞாணையாவது திருப்பி வாங்கி வருகிறேன், நாலு கேள்வியும் கேட்கிறேன் என்றேன். அக்கா ஓடிவந்து வாசல் படலையை மறித்தாள்.

"போகாத தம்பி. கோவத்தில அவர் செபத்தைத் திருப்பி எடுத்துப்போட்டால் நான் என்ன செய்யிறது?"

அப்படி எடுக்க ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. அந்த ஆளின் மேல் அன்று வந்த அருவருப்பு இன்றுவரை ஆறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மருமகனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.