குலவை போட்ட குமிழ்

அந்தச் சிந்தசைசரை மேடையில் ஏற்றக் கூடாது என்று எங்கள் குழுவை நடத்துகிற அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் ஏற்றினேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

திருவிழாக்களில் பாடப் போகிற குழு அது. நான் கீபோர்டு வாசிக்கிறவள். ஒரு பட்டனை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றை அமுக்கினால் நாதஸ்வரம். எல்லாம் எவனோ செய்து வைத்தது. பத்து வருஷம் அதையே அமுக்கிச் சலித்துப்போய், பழைய அனலாக் சிந்தசைசர் ஒன்றை வாங்கினேன். அதில் தயாராக ஒரு சத்தமும் கிடையாது. கட்டையை அமுக்கினால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டின மாதிரி ஒரே இரைச்சல். சத்தத்தை வடிகட்டுகிற ஃபில்டர் குமிழ்களைத் திருகித்தான் அதை ஆளாக்க வேண்டும். கட்-ஆஃப் என்கிற குமிழை மூடினால் கூர்மையெல்லாம் அடங்கி அடிக்குரல் மட்டும் மிஞ்சும், திறந்தால் கத்தும். பக்கத்தில் ரெசனன்ஸ் என்று இன்னொன்று. அதை ஏற்ற ஏற்ற, கட்-ஆஃப் நிற்கிற இடத்துச் சுருதி மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கும். விளாங்குடி வீட்டு மாடியில் மூன்று மாதம் திருகித் திருகி, உறுமி மேளத்தின் உறுமலை ஏறக்குறையப் பிடித்துவிட்டேன்.

ஒத்திகையில் வாசித்துக் காட்டினேன். அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"ஆத்தி, என்னம்மா இது? வயித்து வலிக்காரன் மொனங்குற மாதிரி இருக்கு. மேடைக்கு இதத் தூக்கிட்டு வந்தா நீயும் வராத. வேற ஆளப் பாத்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழுதான் என் பிழைப்பு. என் கைக்குத் தெரிந்த ஒரே வேலையும் அதுதான்.

அடுத்து சமயநல்லூர்ப் பக்கம் ஓர் அம்மன் கோவில் திருவிழா. வெயில் தாழாத சாயங்காலம். கோவில் வாசலில் பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். சிந்தசைசரைப் பழைய சேலையில் சுற்றி, கீபோர்டுக்குக் கீழ்த் தட்டில் வைத்திருந்தேன். மூன்றாவது பாட்டில் சேலையை உருவி உறுமலை விட்டேன். அண்ணன் திரும்பி முறைத்தார். நானும் முறைத்தேன். முறைத்த வேகத்தில் ரெசனன்ஸை உச்சிக்குத் திருகிவிட்டேன்.

அது என் தப்பு. உச்சிக்குப் போனால் ஃபில்டர் தானாகவே விசிலடிக்கும். பதறிப்போய்க் கட்-ஆஃபைப் பிடித்தேன். கை நடுங்க நடுங்க விசிலும் நடுங்கி, ஸ்பீக்கரில் சுத்தமான குலவையாகக் கேட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு குலவையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா? பானைகளுக்கு நடுவிலிருந்து ஒருத்தி பதில் குலவை போட்டாள். பிறகு பத்துப் பேர். பிறகு வாசல் மொத்தமும். கூட்டத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்திக்குச் சாமியே வந்துவிட்டது. கூந்தல் அவிழ ஆட ஆரம்பித்தாள்.

"ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணும்மா!" அண்ணன் வயரைப் பிடுங்கப் பாய்ந்தார்.

"யாருய்யா வயர்ல கைய வைக்கிறது?" கீழேயிருந்து கோவில் கமிட்டித் தலைவர் கத்தினார். "சாமி ஆடையில எவனாச்சும் நிப்பாட்டுவானா? அது மலையேறட்டும். நீ வாசி தாயி!"

ஆடுகிற சாமி தானாக இறங்கும்வரை வாத்தியம் நிற்கக் கூடாது. அந்த வழக்கம் அண்ணனுக்கும் தெரியும். நீட்டிய கை அப்படியே நின்றது. நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை.

ஆனால் பயம் வந்தது. அவளை ஏற்றிவிட்டவள் நான். இறக்க வேண்டியவளும் நான்தான். ரெசனன்ஸைக் குறைத்தேன். விசில் போய் உறுமல் வந்தது. கட்-ஆஃபை மயிரிழை மயிரிழையாக மூடினேன். அவள் கால் தளர்ந்தது. இன்னும் மூடினேன். தொண்டைக்குள் முனகுகிற அளவு மட்டும் மிஞ்சியபோது அவள் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். அப்புறம்தான் கட்டையிலிருந்து விரலை எடுத்தேன்.

கச்சேரி முடிந்து கட்டிவைக்கும்போது அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"சரி, அடுத்த கச்சேரிக்கும் இதக் கொண்டு வா. ஆனா நான் கண்ணக் காட்டும்போதுதான் திருகணும், என்ன?"

"கொண்டு வாரேண்ணே. ஆனா உங்க கண்ணப் பாத்துத் திருக மாட்டேன். கூட்டத்தப் பாத்துத்தான் திருகுவேன். ஒத்துவரலன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அவர் குனிந்து சிந்தசைசரின் ஒரு முனையைத் தூக்கினார்.

"ஆத்தி, எம்புட்டுக் கனம்!"

"நான் ஒத்தையிலதான் தூக்கிட்டு வந்தேன்" என்றேன்.