ருவைஸில் ஒரு சுடாத துப்பாக்கி

ஏசி மெக்கானிக் தேவசுந்தரத்தைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை அபுதாபியின் எண்ணெய் நகரமான ருவைஸ் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. குளச்சல் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. வள்ளத்தில் ஏறினால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அப்பா அவரை ஐஸ் பேக்டரியில் சேர்த்துவிட்டார். அங்கே கம்ப்ரசரோடு பழகிய கைதான் பிறகு சவுதியில் ஜுபைலிலும் இங்கேயும் சோறு போட்டது. மனைவி தங்கபுஷ்பம் இங்கேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ். மகள் டெல்பின் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். சிக்னல் பச்சையான பிறகும் ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் மனிதர் வண்டியை எடுப்பார். அப்பேர்ப்பட்டவர் துப்பாக்கி செய்து கொடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கொடுத்தார்.

எல்லாம் வெண்டல் என்கிற அமெரிக்க இன்ஜினியரால் வந்தது. நைட் டூட்டிக்காரர், பகலில் தூங்க வேண்டியவர். அவர் வில்லாவிலிருந்து ஏசியில் சத்தம் வருகிறது என்று கம்ப்ளைன்ட் வந்தது. ஜூலை மதியம். தெருவில் காக்காய் குருவி கிடையாது. பெல்லில் விரல் வைக்கும் முன்பே கதவு திறந்தது. உள்ளே திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருந்தன. சுவரோரம் ஒரே ஒரு நாற்காலி, வாசலைப் பார்த்துக் கிடந்தது. தேவசுந்தரம் ஏசியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. மறுவாரம் அதே கம்ப்ளைன்ட், அதே நாற்காலி. சத்தம் மட்டும் இல்லை.

மூன்றாம் முறை வெண்டலே உண்மையைச் சொன்னார். "ஏசி நல்லாத்தான் இருக்கு. நான்தான் தூங்கல. எங்க ஊர்ல வயசுப் பையனா இருந்த நாள்லேர்ந்து தலையணைக்குக் கீழே பிஸ்டல் வெச்சுத்தான் படுப்பேன். இங்கே அது கூடாது. தூக்கத்துல கை அதைத் தேடுது. இல்லேன்னதும் முழிச்சுக்கறேன்."

தேவசுந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "சார், இங்க கதவைத் தெறந்து போட்டாலும் ஒருத்தன் வரமாட்டான். எங்க பாத்தாலும் கேமரா. எதுக்குப் பயம்?"

"அதுதான் பயம்" என்றார் வெண்டல். "இவ்வளவு பார்க்கிற கண்ணுக்கு முன்னாடி நான் வெறுங்கையோட படுத்திருக்கேன்."

தம் நாட்டிலும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று அவர் நம்பினார். ஒரே நாளில் யாரும் வந்து பிடுங்க மாட்டார்களாம். முதலில் யாரிடம் இருக்கிறது என்று எழுதிக்கொள்வார்களாம். பிறகு இந்த வகை கூடாது, அந்த இடத்தில் கூடாது என்பார்களாம். பேரன் காலத்தில் துப்பாக்கி இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காதாம். தேவசுந்தரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ஐஸ் பேக்டரி முதலாளியின் கதையை எடுத்தார். முதலாளியிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று உண்டு. எலெக்சன் அறிவித்தால் அதை ஸ்டேசனில் ஒப்படைக்க வேண்டும். எலெக்சன் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். ஸ்டேசன் வரைக்கும் தேவசுந்தரமும் கூடப் போவது வழக்கம். "ஒருக்காகூடத் தராம இருந்ததில்ல சார்."

வெண்டல் அவரையே பார்த்தார். "அப்போ, யார் ஆளணும்னு ஜனங்க தீர்மானிக்கிற அந்த நாள்ல மட்டும் எல்லார் துப்பாக்கியும் அரசாங்கத்துக்கிட்ட இருக்குமா?"

ரவுடிகள் ஓட்டுப் போடவிடாமல் மிரட்டக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. தேவசுந்தரத்துக்கு அது நன்றாகத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தார். ஆனால் சொன்ன குரல் அவருக்கே வலுவாகப் படவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்தக் கேள்வி கூடவே உட்கார்ந்திருந்தது.

அடுத்த முறை போனபோது வெண்டல் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். சுட வேண்டாம், குழலில் துளைகூட வேண்டாம், கைக்குக் கனம் தெரிந்தால் போதும் என்றார். மனிதரின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. தேவசுந்தரம் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அபுதாபியை ஒட்டிய தொழிற்பேட்டையான முசஃபாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேஜையில் சாம்பிள் வைத்தால் காப்பி அடித்துக் கொடுப்பார்கள்; எதற்கு என்று கேட்க மாட்டார்கள். அங்கே வேலை பார்க்கிற கிளிட்டஸ் நம்மவருக்கு ஊர்க்காரப் பையன். அவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, இது பம்புக்க பார்ட்டு இல்லேல்லா" என்று சிரித்துவிட்டு மெஷினைப் போட்டான். பொம்மைத் துப்பாக்கியானாலும் இந்த ஊரில் பிடித்தால் ஜெயில், அப்புறம் விமானம் ஏற்றிவிடுவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அது உறைக்கவில்லை. டூல்ஸ் பெட்டிக்குள் அதை வைத்து வண்டியெடுத்த பிறகுதான் உறைத்தது. ருவைஸ் வந்து சேருமட்டும் தேவசுந்தரம் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.

வெண்டல் நன்றாகத் தூங்கினார். கம்ப்ளைன்ட் நின்றது. சில மாதம் கழித்து, தன் மாநிலத்தில் துப்பாக்கிகளைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, வேலையை விட்டுவிட்டு அவசரமாக ஊருக்குக் கிளம்பினார். தன் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

அடுத்து ஆள் குடிவருமுன் அந்த வில்லாவின் ஏசியைச் சர்வீஸ் செய்யும் வேலை தேவசுந்தரத்துக்கே வந்தது. உள்ளே போனதும் நேராகத் தலையணையைத் தூக்கினார். மெத்தையில் துப்பாக்கி கிடந்த தடம் குழியாக, அச்சு அசலாக இருந்தது. துப்பாக்கி இல்லை. அலமாரி, கட்டிலுக்கடி, ஏசி டக்ட் எல்லாம் பார்த்தார். வெண்டலுக்குப் போன் போட்டார்.

"தலையணைக்குக் கீழேதான் விட்டேன். நீ எடுத்துக்குவேன்னு நினைச்சேன்."

"இங்க இல்ல சார்."

வெண்டல் மெதுவாக, "அப்படின்னா வந்துட்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கிளிட்டஸிடம் போனில் சொல்லவும் தேவசுந்தரத்துக்குப் பயம். வெள்ளிக்கிழமை காலையிலேயே முசஃபாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். கிளிட்டஸ் மெஷினை ஓடவிடாமல் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"உங்களத்தான் அண்ணே நினைச்சிட்டு இருந்தேன். நேத்து ஒரு ஆளு வந்தாரு. அரபி ஆளுங்க போடுற வெள்ளைக் கந்தூரா அங்கி, நல்ல மரியாதை. சாம்பிளு கொண்டாந்திருக்கேன், காப்பி அடிக்கணும்னு சொல்லி மேசையில வச்சாரு. பாத்தா, நான் செஞ்ச அதே சாதனம்."

"நீ என்னலே சொன்ன?"

"இதெல்லாம் நாங்க செய்யமாட்டோம்னு சொன்னேன். சிரிச்சாரு. முன்னால யாருக்குச் செஞ்சேன்னு கேப்பாருன்னு பாத்தேன். கேக்கவே இல்ல. வேலை சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டு அதை எடுத்துட்டு எந்திரிச்சாரு."

"அவ்வளவுதானா?"

கிளிட்டஸ் தலையைக் குனிந்துகொண்டான். "வாசல்ல நின்னு திரும்பிப் பாத்து, தேவசுந்தரத்துக்குச் சலாம் சொல்லுன்னாரு. நீங்க வெள்ளிக்கிழமை வருவீங்கன்னும் சொன்னாரு."

அது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. போன முறை விசா புதுப்பித்தபோது மற்றவர்களுக்கெல்லாம் இழுத்தடித்தது. இவருடையது மட்டும் மறுநாளே கைக்கு வந்தது. நண்பர்கள் அதிர்ஷ்டக்காரர் என்று முதுகில் தட்டினார்கள். தேவசுந்தரத்துக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு எல்லாம் தெரியும். உருகிப்போகிற மனிதரை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? போன வாரம் கேட்டுவிட்டாள். "போதும் இந்தப் பாடு. விசாவக் கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயிருவோமே?"

தேவசுந்தரம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொன்னார்.

"போகணும்னுதான் இருக்கு. போகலாமான்னு அவங்ககிட்ட கேக்கத்தான் பயமா இருக்கு."