ஆகாயத்திலிருந்து ஒரு ‘கொடுத்தேன்’

போராட்டக்காரன் தொழிலில் முதல் பாடம், குறைகளை வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் தப்பினாலும் அந்தச் சந்தில் அதிகாரி நழுவிவிடுவார். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன். முதலில், கொல்லிமலையில் எங்கள் பைல் நாட்டுப் பக்கம் செல்போன் கோபுரம் வைக்கும் அளவுக்கு ஆட்கள் இல்லை என்றார்கள். அடுத்து, ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் காடு குறுக்கே நிற்கிறது என்றார்கள். மூன்றாவதாக, அதே காட்டுக்குள் சுற்றுலா விடுதி வந்தது; அதற்குக் காடு ஒதுங்கி வழிவிட்டது. நான்காவதாக, என் தம்பி சடையப்பனைப் பாம்பு கடித்தது. ஆம்புலன்சுக்குப் பேச, ஊரில் போன் எடுக்கும் ஒரே இடமான சிக்னல் பாறைக்கு ஏறிய ஆள் இறங்கி வருவதற்குள் தம்பி போய்விட்டான். ஐந்தாவதாக, அதை எழுதி நான் போட்ட நோட்டீசைப் படித்த அதிகாரி, எழுத்துப்பிழை இருக்கிறது என்றார்.

மனு கொடுத்தே செருப்புத் தேய்ந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒருவழியாகக் கோபுரம் வருவது உறுதியாயிற்று, இடம்தான் பாக்கி. தனிக்கட்டையாகப் போன தம்பியின் மிளகுத் தோட்டம், பாறைக்கு நேர் கீழே இருப்பது, என் கைக்கு வந்திருந்தது. அதைத் தருகிறேன் என்றேன். விடுதிக்காரரோ தன் மேட்டில் வைக்கச் சொல்லி நின்றார். அங்கே வைத்தால் அவருடைய விருந்தாளிகளுக்குப் படம் தடையில்லாமல் ஓடும். எங்கள் சரிவுக்கு ஒரு மணியோசைகூட வராது.

கூப்பிட்ட பிறகு சொல்வதே சொல்

எங்கள் ஊரில் பொதுவுக்கு நிலம் விடுவதற்கு ஒரு முறை உண்டு. கோயில் களத்தில் ஊர் கூடும். ஊர்க்கவுண்டர், கொடுப்பவர் பெயரை நன்றாக இடைவெளி விட்டு மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது கூப்பாடு அடங்குவதற்குள் ‘கொடுத்தேன்’ என்று பதில் வர வேண்டும். வெளியூரில் இருப்பவர் ஆள் மூலம் சொல்லலாம். ஆனால் கூப்பிட்ட பிறகு சொன்ன சொல்லாக இருக்க வேண்டும். முன்பே சொல்லிவைத்தது செல்லாது. இடையில் மனசு மாறியிருக்கலாமே!

கூட்டம் வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. மலைமக்கள் கோரிக்கை ஒன்றுக்காக டெல்லி போயிருந்த நான், ரயிலில் திரும்பினால் நேரத்துக்கு வந்து சேர மாட்டேன் என்று, அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் மிளகு வாங்கும் ரஹீம் பாய் வியாழக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தார். விடுதிக்காரர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். இடம் பார்க்கும் அதிகாரிகளை ஒருநாள் முன்னதாகவே வரவழைத்து, கூட்டத்தையும் நான் பறக்கும் அந்த வியாழனுக்கே இழுத்துவிட்டார். விமான நிலையத்தில் நின்றிருந்த எனக்கு ரஹீம் பாய் போன் போட்டார். “டீக்கடையில உக்காந்து சிரிக்கறாருங்க! ‘ஆகாசத்துல போறவனை எவன் கூப்பிட்டு, எவன் பதில் சொல்றது’ன்னு கேக்கறாருங்க!”

உயரத் தூக்கிய கை

விமானம் மேலே ஏறி நிதானித்ததும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு: இந்த விமானத்தில் வைஃபை உண்டு, பயணிகள் இணையத்தைப் பயன்படுத்தலாம். சாய்ந்து கிடந்தவன் நிமிர்ந்தேன். எங்கள் மலையில் சிக்னல் பிடிக்கிற வழி ஒன்றுதான்: மேடான இடத்தில் ஏறி நின்று போனை முடிந்தவரை உயரத் தூக்க வேண்டும். நானும் எழுந்து நடைபாதையில் நின்று, குதிகாலை எக்கி, போனைக் கூரைவரை தூக்கிப் பிடித்தேன். பின்னால் இருந்தவர்கள், மறியல்தான் தொடங்குகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

பணிப்பெண் ஓடிவந்தார். ஈரோட்டுப் பக்கத்துப் பெண் என்பது பேச்சில் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். “இதுக்கு மேல ஏறறதுக்கு இடமில்லீங்கய்யா. உக்காந்தாலே வருமுங்க!”

பக்கத்து இருக்கையின் துயரம்

இணைப்பு வாங்கிக் கொடுத்தவர் பக்கத்து இருக்கை இளைஞர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மடிக்கணினியைத் திறந்துவைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். படம் பாதியில் நின்று சுற்றுகிறதாம். ‘என்ன சார் அநியாயம் இது!’ என்றார். அநியாயம் என்ற சொல்லை அவ்வளவு சின்ன விஷயத்துக்கு யாரும் செலவழித்து நான் பார்த்ததில்லை.

கோபிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் திரையில் மேலாளரின் செய்தி வந்து விழுந்தது: ‘ஆன்லைன்ல இருக்கீங்க போல. அந்த ரிப்போர்ட்டை முடிச்சிடுங்க.’ அவர் முகம் வாடிய வாட்டத்தில் என் கோபம் போய்விட்டது. அவரும் நம்ம கட்சிதான். “முன்னெல்லாம் பிளேன்ல ஏறினா, இறங்கற வரைக்கும் மேனேஜர் செத்துப்போன மாதிரி நிம்மதி சார். இப்ப அவரும் கூடவே பறக்கிறாரு!”

பாறைமேல் செல்லம்மா

ஆகாயத்தில் சிக்னல் இருந்தது. இல்லாதது என் ஊரில்தான். களத்தில் போன் வெறும் டார்ச் லைட். எங்கள் சங்கத்துச் செல்லம்மா மட்டும் சிக்னல் பாறை உச்சியில் உட்கார்ந்திருந்தார். மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்டி விரட்டி வளர்ந்த குரல் அவருடையது. பாறையில் கத்தினால் களத்தில் கேட்கும்; களத்துக் கூப்பாடும் பாறைக்கு எட்டும். ‘கூட்டம் ஆரம்பிச்சாச்சுங்கண்ணா’ என்று செய்தி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

பதற்றத்தில் செல்லம்மாவுக்குப் போன் போட்டு, ‘அலோ’ என்று என் மேடைக் குரலில் ஆரம்பித்தேன். பணிப்பெண் மறுபடியும் வந்துவிட்டார். விமானத்தில் எழுதலாம், பேசக் கூடாதாம். வாழ்நாளெல்லாம் போலீஸ் அடக்கப் பார்த்த குரலை அந்தப் பெண் ஒரே வரியில் அடக்கினார். “கத்த வேண்டாமுங்கய்யா, எழுதுங்க, சத்தமா போயிச் சேரும்!”

மூன்றாவது கூப்பாடு

‘மொதத் தடவ கூப்புட்டாச்சு.’ செய்தி விழுந்ததும் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தேன். பக்கத்து இளைஞர், நான் அடித்துத் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன், என் சொல் என் கையால்தான் போக வேண்டும். ‘கொடுத்தேன்’ என்று முடித்தபோது இரண்டாவது கூப்பாடும் போய்விட்டது என்று தெரிந்தது. அனுப்பியிருக்கலாம்.  ஆனாலும் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: ‘என் பேரில் வேண்டாம். தம்பி பேரில்.’ அனுப்பினேன். வட்டம் சுற்றியது. இளைஞர் படத்தை நிறுத்திவிட்டு என் போனையே பார்த்தார். பணிப்பெண் காபித் தட்டோடு நின்றுவிட்டார். ஒரு டிக் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. களத்திலிருந்து பாறைக்கு யாராக இருந்தாலும் ஏறித்தானே வர வேண்டும்!

வந்தது குரல் செய்தி. காதில் மாட்டிக்கொள்ள இளைஞர் தன் கருவியைத் தந்தார். முதலில் செல்லம்மாவின் மூச்சிரைப்பு. “மூணாவது கூப்பாடு முடியறதுக்குள்ள நான் கத்திப்போட்டனுங்கண்ணா! ‘ஆகாசத்துல இருந்து வந்த சொல்லு செல்லாது’ன்னாருங்க விடுதிக்காரரு. ‘கூப்பிட்ட பொறவு வந்துருக்குது, எங்கிருந்து வந்தா உனக்கென்ன சாமி, உக்காரு’ன்னுட்டாருங்க கவுண்டரு. ஆபீசருங்க முன்னாலயே! கீழ எறங்கி ஓடி, உங்களுக்காகப் போன்ல புடிச்சுட்டு வந்துருக்கறேன், கேளுங்க.” அதற்கடுத்த செய்தியில் களத்தின் இரைச்சல், இரைச்சல் அடங்குவது, ஊர்க்கவுண்டரின் கரகரத்த குரல்: “பொதுவுக்கு நெலம் குடுத்தது, வெள்ளையன் மகன் சடையப்பன். கேட்டவங்க அத்தன பேரும் சாட்சி.”

அரசாங்கத்துக்கு மேலே உட்கார்ந்து என் வாழ்நாளில் நான் பேசியது அன்று ஒருநாள்தான், அதுவும் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு.