மஞ்சள் குடையைப் பார்க்கத் திருமழிசை வரை

ஊட்டி, மூணாறு என்று எழுதும் ஆசாமி, ஆவடி பக்கத்துச் சேக்காட்டிலிருந்து திருமழிசை போனதையெல்லாம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். நான் போன பயணங்களில் மனதை விட்டு நகராதது அதுதான். தொண்ணூறுகளின் நடுவில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

காரணம் என் மகள் கீதா. கல்யாணமாகி சிங்கப்பூர் போனவள் நாலு வருஷமாக வரவில்லை. மனைவியும் தவறிப்போக, வீட்டில் நான் மட்டும். பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் மஞ்சள் குடையோடு நிற்பதாகச் சொன்னாள். வெளிநாட்டு சேனலில், நம் ஊருக்கு ஏழு மணி நாடகத்தின் நடுவே வருமாம்.

பார்க்கத்தான் வழியில்லை. அரசாங்க சேனல்களைக் கட்டாயம் காட்ட வேண்டுமென்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. எங்கள் கேபிள்காரரின் மெஷினில் சில சேனல்களுக்குத்தான் இடம். அந்த வெளிநாட்டு சேனலைத் தூக்கிவிட்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல். திருமழிசையில் தன் மச்சான் ஏகாம்பரம் கேபிள் நடத்துகிறார், அங்கே தெரியும் என்றார் அம்பத்தூர் கம்பெனியில் என்னோடு வேலை செய்தவர்.

நாலரைக்கு ஆவடியில் பஸ் ஏறினேன். பூந்தமல்லிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். அங்கே பஸ் மாற அரை மணி நேரம் காய வேண்டியிருந்தது. திருமழிசைத் தொழிற்பேட்டை வாசலில் இறங்கினால் ஞாயிறு என்பதால் ஈ காக்கை இல்லை. பெரிய குடை ஆண்டெனா இருந்த மொட்டைமாடியை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

ஏகாம்பரம் மெஷின் அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். நாடகம் ஓடியது. விளம்பர நேரம் வந்ததும் திரை முழுக்க 'ஆடித் தள்ளுபடி' என்று உள்ளூர் ஜவுளிக்கடை அட்டை. அடுத்த இடைவேளையிலும் அதே அட்டை. விஷயத்தைச் சொன்னேன்.

"விளம்பரம் வந்தாலே மறச்சிடுவேன் நைனா. எது காட்லாம், எது கூடாதுன்னு சட்டம் வந்துக்கீது. நமக்கு இன்னா தெரியும்? குத்தம்பாக்கத்துல ஒருத்தன் மெஷினையே தூக்கினு பூட்டாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "சரி, ஒரே தபா. யாருனா வராங்களான்னு நான் வாசல்ல நிக்கிறேன்."

கடைசி இடைவேளை. சோப்பு, கார், பிறகு மழையில் ஒரு பஸ் நிறுத்தம். மஞ்சள் குடை. இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், ஷாம்பு வந்துவிட்டது. சட்டென்று பக்கவாட்டில் திரும்பினேன். அங்கே மெஷின்தான் இருந்தது.

"பாத்தீங்களா நைனா?" என்று உள்ளே வந்தார் ஏகாம்பரம். தலையாட்டினேன்.

திரும்பும்போது பூந்தமல்லியில் எட்டரை பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். வீட்டில் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வேண்டுமென்றே விட்டுவிட்டு நின்றேன்.

இன்று கையிலிருக்கும் போனிலேயே எல்லாம் தெரிகிறது. விளம்பரம் பார்க்க யாரும் பஸ் ஏறப்போவதில்லை. ஆனாலும் தூரத்தில் இருக்கும் ஒருவரை ஒரு கணம் பார்க்க எங்கேயாவது போவீர்கள். ஆடி மாதமென்றால் குடை எடுத்துக்கொள்ளுங்கள், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். "அதோ, அவள்தான்" என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.