பெயிண்டால் நின்ற படகு

உயிர் காக்கும் படகு என்பது வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்க வைத்திருக்கும் சாமான் என்றுதான் எங்கள் கம்பெனியில் எல்லாரும் நினைத்திருந்தோம். நானும்தான்.

மலாயாவில் பத்து பஹாட்டிலிருந்து மூவாருக்கு ஆள் ஏற்றும் நீராவி லாஞ்ச் அது. நான் அதில் கயிறு இழுக்கிற கலாசி. அதற்கு முன் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டினேன். கங்காணியின் வாய் தாங்காமல் ஓடிவந்தவன். திரும்பிப் போகிற எண்ணமே கிடையாது.

சட்டப்படி வருஷத்துக்கு ஒரு தடவை சர்வேயர் துரை வந்து படகையும் மிதவை வளையத்தையும் பார்ப்பார். சரியில்லை என்றால் லைசென்ஸ் இல்லை, லாஞ்சைக் கட்டிப்போட வேண்டியதுதான். கம்பெனிக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர் பெயிண்ட்.

"நல்லாத் தடிப்பா அடி. துரைமார் மினுக்கத்தைத்தான் பாப்பினம்."

"ஐயா, பலகை உளுத்துப் போச்சு. விரலை வெச்சா உள்ள போவுது."

"அப்ப விரலை வையாதை! லைசென்ஸ் கிடைக்காட்டி உன்னை ரெங்கத்துக்கு அனுப்பிப்போடுவன், விளங்குதோ?"

அடித்தேன். படகு, அதைத் தாங்கும் கட்டை, கயிறு, கப்பி, எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை. பழைய பெயிண்டைச் சுரண்டுகிற வழக்கமே இல்லை.

பழைய துரைமார் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். இந்த முறை வந்தவர் புதுசு. நல்ல கனமான ஆள். படகைக் காட்டி, மலாயில் "துருன்!" என்றார். இறக்கிக் காட்டச் சொல்கிறார். அப்படி யாரும் கேட்டதே இல்லை.

கயிற்றை இழுத்தோம். கப்பி சுற்றவில்லை. எல்லாரும் சேர்ந்து வெளிப்பக்கமாகத் தள்ளினோம். படகும் கட்டையும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. எவ்வளவு உறுதியாக நிற்கிறது பாருங்கள் என்று கிராணி துரையிடம் பல்லைக் காட்டினார்.

துரைக்கு வெறி வந்துவிட்டது. படகுக்குள் ஏறி பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தார். நாங்கள் தள்ளிக்கொண்டே இருந்தோம். படக்கென்று பிய்த்துக்கொண்டு துரையோடு ஆற்றில் விழுந்தது. அடிப்பலகை மட்டும் கட்டையை விட்டு வரவில்லை. துரை படகுக்குள்ளேயும் இருந்தார், தண்ணீருக்குள்ளேயும் இருந்தார்.

அந்த ஆற்றில் முதலை உண்டு.

"தோலோங்! தோலோங்!" என்று துரை உதவிக்குக் கத்தினார்.

கிராணி மிதவை வளையத்தைத் தூக்கி எறிந்தார். பளபளவென்று போய் ஆட்டுக்கல் மாதிரி முழுகியது. அலமாக்! உள்ளே தக்கை எப்போதோ செத்துப்போயிருக்கிறது. நான் சமையல்காரன் மூடி வைத்திருந்த காலி மண்ணெண்ணெய் டின்னைக் கயிற்றில் கட்டி வீசினேன். துரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சை.

"சியாப்பா?" என்று டின்னைக் காட்டி, எறிந்தது யாரென்று கேட்டார்.

கிராணி என்னைத் தள்ளிவிட்டார். "இவன்தான்! பெயிண்ட் அடிச்சவனும் இவன்தான்! போடா ரெங்கத்துக்கு!"

லாஞ்சை அன்றே கட்டிப்போட்டார்கள். நான் மூட்டையைக் கட்டினேன். துரை என்னை நிறுத்தி, தன்னோடு வரச் சொன்னார். துறைமுக ஆபீசில் வேலை. என்ன வேலை? லாஞ்ச் லாஞ்சாக ஏறி, மிதவைகளை ஆற்றில் எறிவது. ரிட்டையராகும் வரை எறிந்தேன்.

லாஞ்ச் வேலைக்கு வருகிற பயல்களுக்குச் சொல்கிறேன். முதலில் தண்ணீரில் போட்டுப் பார். மிதந்தால் அப்புறம் பெயிண்ட் அடி.

அந்தக் கிராணி வேறு கம்பெனிக்குப் போன பிறகும் ஒரு தடவை என்னிடம் மாட்டினார். மிதவையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எறியாதையப்பா. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சனாங்கள்!"

பிடுங்கி எறிந்தேன். முழுகியது.